குளிக்காத ராஜா

கோலா ஜம்பு என்ற மீனவ ஊரில் கல்யாணமான ஆம்பிளை எவனாவது கெல்சோமிடம் திட்டு வாங்காதவன் என்று பீற்றிக்கொண்டால், அவன் வெளியூரில் போய்க் கட்டிக்கொண்டவனாகத்தான் இருப்பான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சோடித்து மணமேடையில் ஏற்றி, மூன்றாம் நாள் எலுமிச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவது வரை அவள் தொழில். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

"நேரா உட்காருடா. மீன் கூடை தூக்குற முதுகை வீட்டுல வெச்சிட்டு வர வேண்டியதுதானே?" என்பாள். "பல்லைக் காட்டாதே. எந்த ராஜாடா இப்படி இளிப்பான்?" கடலில் சுறாவுக்குப் பயப்படாதவன்கூட அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊரே அவளை 'மாக் சு' என்று கூப்பிட்டது. சின்னம்மா மாதிரி. அவள் கொடுத்த உரிமை இல்லை அது, ஊர் எடுத்துக்கொண்டது.

மாப்பிள்ளையைத் தயார் செய்வதில் கடைசி வேலை, இடுப்பில் கெரிஸ் செருகுவது. அலை அலையாக வளைந்த அந்தக் குத்துவாள் இல்லாமல் அங்கே கல்யாணம் கிடையாது. சாதாரண நாளில் ஒருவன் யார் என்று தெரிய அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இடுப்பைப் பார்த்தால் போதும். மீனவன் என்றால் மர உறை, பிடியின் அடியில் பூண் மாதிரி பித்தளைக் கிண்ணம். ஊர்த்தலைவர் பெங்குலு சுலோங்குக்கு வெள்ளிக் கிண்ணம். ஆற்று முகத்துவாரத்தை ஆளும் டத்தோவின் உறவுக்காரர்களுக்குப் பொன் கிண்ணம். டத்தோவுக்கே உறையில் பாதிதான் பொன். மேலிருந்து கீழ்வரை பொன்தகடு போர்த்திய உறை அரச குடும்பத்துக்கு மட்டும். தகுதி இல்லாதவன் அதைச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தால் வலது கையின் கட்டைவிரல் போகும். கட்டைவிரல் இல்லாத கை வலை இழுக்காது. அப்புறம் அவன் குடும்பம் என்னத்தைத் தின்னும்?

அப்படிப்பட்ட முழுப்பொன் உறை போட்ட கெரிஸ் ஒன்று கெல்சோமின் பெட்டியில் இருந்தது. பழைய டத்தோவின் மகள் கல்யாணத்துக்கு அரண்மனையிலிருந்து வந்தது அது. கல்யாணம் முடிந்ததும் அதை இடுப்பில் வைத்துக்கொள்ள அவருக்கே துணிச்சல் இல்லை. மகளைச் சோடித்த கெல்சோமின் தாயைக் கூப்பிட்டு, "ஊர்ல கல்யாணம் பண்ற பையன் ஒருநாள் ராஜாதானே. அவன் போட்டுக்கட்டும். கல்யாணம் முடியுற வரைக்கும்தான். அதுக்கு மேல எவன் இடுப்புல பார்த்தேனோ, கெரிஸும் திரும்பி வரும், விரலும் வரும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நண்டு பிடிக்கிறவன், தோணி தள்ளுகிறவன், தேங்காய் பறிக்கிறவன் எல்லோரும் ஒரு மத்தியானம் சுல்தான் மகன் மாதிரி உட்கார்ந்து எழுந்தார்கள்.

இந்த விஷயத்தில் கெல்சோம் யாரையும் நம்பமாட்டாள். கெரிஸை இடுப்புப் பட்டோடு சேர்த்து, முதுகுப்பக்கம் மடிப்புக்குள் ஒரு முடிச்சுப் போடுவாள். தாய் சொல்லிக்கொடுத்த முடிச்சு. அவள் கை பட்டால்தான் அவிழும். மேடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அவளே அவிழ்த்து, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள்.

அந்த வியாழக்கிழமை டெராஹிமுக்கும் செப்பியாவுக்கும் கல்யாணம். டெராஹிம் மீனவன், உயரமானவன், கொஞ்சம் அசடு. செப்பியா வாயாடி. மேடையில் உட்கார்ந்து, மஞ்சள் சோறு ஊட்டி முடித்து, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி தூவிக்கொண்டிருந்த நேரம். கரையிலிருந்து ஒருத்தன் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"மணல்திட்டுல படகு கவுந்துடுச்சு! செப்பியாவோட மாமா படகு!"

வடக்கே இருந்து கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த தாய்மாமன், அவர் மனைவி, படகோட்டி, மூன்று பேர். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மணல்திட்டை நீர் இறங்குகிற நேரத்தில் தாண்டத் தெரிந்தவன் ஊரில் ஒருத்தன்தான். அவன் மேடையில் ராஜாவாக உட்கார்ந்திருந்தான்.

டெராஹிம் குதித்து எழுந்தான். வாசல்வரை ஓடியவன் சட்டென்று நின்றான். கை முதுகுப்பக்கம் போய் முடிச்சைத் தேடியது. "மாக் சு! இதை அவுத்து விடுங்க, சீக்கிரம்!"

கெல்சோம் அவன் பின்னால் போய் நின்றாள். கை முடிச்சில் பட்டது. அவிழ்க்கவில்லை.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அவளும் ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜூசோ. அன்றைக்கும் அதே மணல்திட்டு, அதே கூச்சல். ஜூசோவும் இப்படித்தான் வாசலில் நின்று, "கெரிஸைக் கழட்டுங்கம்மா, இதோட தெருவுல போனா விரல் போயிடும்" என்றான். அவள் தாய் அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு அவிழ்வதற்குள் நீர் திரும்பிவிட்டது. படகில் இருந்தவர்களும் வரவில்லை, போனவனும் வரவில்லை. கெரிஸ் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"அவுக்க நேரமில்லடா!" என்று அவன் முதுகில் ஒரு அறை விட்டாள். "ஓடு!"

"மாக் சு, கெரிஸ்..."

"போடாங்கிறேன்!"

அவன் ஓடினான். பொன் உறை வெயிலில் பளபளக்க, சரிகைத் துணி தடுக்க, தெரு முழுக்க ஓடினான். கெல்சோம் வாசலிலேயே நின்று பார்த்தாள். தாயின் வார்த்தையை மீறிய முதல் நாள் அது.

மூன்று பேரையும் அவன் பிடித்துத் தன் படகில் ஏற்றிவிட்டான். அதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆனால் நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. எங்கேயாவது கரை ஏறியிருப்பான், விடிந்ததும் வருவான் என்றார்கள் பெரியவர்கள். செப்பியா மணப்பெண் அலங்காரத்தைக் கலைக்காமலே உட்கார்ந்திருந்தாள். கெல்சோம் அவளை விட்டு நகரவில்லை. "வந்துடுவான்டி. அசடு நீந்தும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை முற்பகல். வந்ததுதான் வந்தான், அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்!

ஜும்மா தொழுகைக்காக டத்தோவின் படகு வந்து துறையில் நின்றது. பெங்குலு சுலோங் தன் வெள்ளிக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு, வரவேற்கக் கைகட்டி நின்றார். பன்னிரண்டு வருடமாக அவருக்கு ஒரே ஆசை, அந்த வெள்ளி பொன்னாக மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் டத்தோ அவர் இடுப்பைப் பார்க்காமலே போய்விடுவார்.

டத்தோ இறங்கிய அதே படியில் பக்கத்துப் படகிலிருந்து டெராஹிம் இறங்கினான். உப்பில் விறைத்த சட்டை, கலைந்த தலை. இடுப்பிலிருந்து தொடைவரை பொன். மேலே சுற்றியிருந்த சரிகைத் துணியை நடுங்கிக்கொண்டிருந்த மாமிக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டான். டத்தோவின் பாதிப்பொன் உறை அவனுடையதற்குப் பக்கத்தில் மங்கித் தெரிந்தது. ஊரே பார்த்தது. டத்தோவும் குனிந்து ஒரு தடவை தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அடப்பாவி!" என்று பாய்ந்தார் சுலோங். "நேத்துக் கல்யாணம், இன்னிக்கு என்னடா ராஜா வேஷம்? கழட்டு!" இரண்டு கையாலும் உறையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அசையவில்லை. டெராஹிம்தான் முன்னும் பின்னும் ஆடினான்.

"அவுக்க வரல பெங்குலு. மாக் சு போட்ட முடிச்சு."

"அப்போ அறுத்துப் போட வேண்டியதுதானே!"

"மாக் சு கட்டினதை அறுக்கிறதா?" என்றான் டெராஹிம். அவன் முகத்தைப் பார்த்தால், கட்டைவிரலைவிட அவளுக்குத்தான் பயப்படுகிறான் என்று தெரிந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

டத்தோ சிரிக்கவில்லை. நாற்பது வயது மனிதர், எதற்கும் வெற்றிலையை மென்று முடித்துத்தான் பேசுவார். "தொழுகைக்கு அப்புறம் சபைக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பொம்பளையையும்."

கெல்சோமுக்குச் சேதி வந்தபோது செப்பியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "வெரலை எடுத்துடுவாங்களா மாக் சு? மூணு உசுரைக் காப்பாத்தினதுக்கு இதுவா?"

"அழுது மையைக் கலைக்காதே. நான்தான் போகச் சொன்னேன், நான்தான் சொல்லப்போறேன்" என்றாள் கெல்சோம். குரலில்தான் தைரியம். பெட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

சபை நிறைந்திருந்தது. டெராஹிம் கெரிஸோடு நடுவில் நின்றான். தரையில் ஒரு மரப்பலகை, அதன் மேல் ஒரு சின்ன உளி. கெல்சோம் அதைத் தாண்டிப் போய் டெராஹிமின் பக்கத்தில் நின்றாள். பெங்குலு சுலோங் முதலில் பேசினார்.

"சட்டம் ஒண்ணுதான் டத்தோ. ஒருநாள் ராஜான்னா ஒருநாள். நேத்து வியாழன், இன்னிக்கு வெள்ளி. இவன் இன்னிக்கும் பொன்னோட திரியுறான். உங்களைவிட ஒசத்தியா வந்து உங்க முன்னாடியே நிக்கிறான். இதை விட்டா நாளைக்கு நண்டுக்காரன் எல்லாம் பொன் கேப்பான்." தன் வெள்ளிக் கிண்ணத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், பாவம்.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார் டத்தோ.

"அவன் மேல தப்பில்ல டத்தோ. கழட்டச் சொல்லித்தான் கேட்டான். நான்தான் கழட்டாம ஓட்டிவிட்டேன். விரல் வேணும்னா என் விரலை எடுத்துக்கங்க. நான் வலை இழுக்கிறவ இல்ல."

"ஏன் கழட்டல?"

"கழட்டுறதுக்குள்ள மூணு பேரு செத்துருப்பாங்க. ஒரு தடவை பார்த்தவ நான்."

சபையில் வயதானவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டத்தோ வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் கெல்சோமுக்குப் பழைய டத்தோவின் வார்த்தை ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் பயத்தில் அதைச் சரியாகக் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. ஒரு அடி முன்னால் வந்தாள்.

"டத்தோ, உங்க அப்பா கெரிஸைக் குடுக்கும்போது ஒருநாள்னு சொல்லல. கல்யாணம் முடியுற வரைக்கும்னு சொன்னாரு. கல்யாணம் எப்ப முடியுது? மூணாம் நாள் எலுமிச்சைக் குளியல்லதான் முடியுது. இவனை நான் இன்னும் குளிப்பாட்டல. மேடையை விட்டு இறங்கினதுமே கெரிஸைக் கழட்டுறது என் பயம், சட்டம் இல்ல. உங்க அக்கா கல்யாணத்துல மச்சான் எத்தனை நாள் இதைப் போட்டிருந்தாரு? நீங்க சின்னப் பிள்ளை, அவர் மடியிலேயே உட்கார்ந்திருந்தீங்க."

டத்தோவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "மூணு நாள்" என்றார் மெதுவாக. "உறை குத்துதுன்னு நான் அழுதேன்."

"குளியல் இல்லையா?" என்று எகிறினார் சுலோங். "நேத்து முழுக்கக் கடல்ல ஊறினானே, அது குளியல் இல்லாம என்ன? தலைமுடியில இன்னும் பாசி இருக்கு!"

"எலுமிச்சை பிழிஞ்சாங்களா அந்தத் தண்ணியில?" என்று திரும்பினாள் கெல்சோம். "ஏழு எலுமிச்சை? பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தாளா? ரெண்டு பேரையும் சுத்தி நூல் போட்டாங்களா? உங்களுக்கும் நான்தான் பண்ணிவெச்சேன் பெங்குலு. தண்ணி சில்லுன்னு இருக்குன்னு நீங்க கத்தின கத்து ஊருக்கே தெரியும்."

சபை இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தது. சுலோங்கின் முகம் சிவந்துவிட்டது. அவமானத்தில் மனுஷன் சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"குளிக்காதவங்க எல்லாம் ராஜான்னா, உன்னை யாரு குளிப்பாட்டினா? மாப்பிள்ளை மேடையிலேருந்து எழுந்து போனவன் வரவே இல்லையே. இருபத்தாறு வருஷமா நீ ராணியா?"

சிரிப்பு நின்றது. கெல்சோம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  சொன்ன வாயோடு சுலோங்கும் விழித்துக்கொண்டு நின்றார்.

டத்தோ எச்சிலைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெங்குலு சொன்னது சரி" என்றார்.

டெராஹிம் கண்ணை மூடிக்கொண்டான்.

"குளியல் ஆகாதவங்க இன்னும் ராஜா, ராணிதான். அப்ப ராணி எதுக்கு நின்னுக்கிட்டு இருக்காங்க? பாய் கொண்டாந்து போடுங்க."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம் ஒருத்தன் ஓடிப்போய்ச் சித்திரப் பாய் ஒன்றைக் கொண்டு வந்து, டத்தோவின் பக்கத்திலேயே விரித்தான். டத்தோ வீட்டுப் பெண்கள் மட்டும் உட்காருகிற பாய் அது. கெல்சோம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உட்காருங்க" என்றார் டத்தோ. உட்கார்ந்தாள். 

"டெராஹிம், நாளைக் குளியல் வரைக்கும் நீ ராஜா. அதுவரைக்கும் கெரிஸ் உன் இடுப்புலதான் இருக்கணும். கழட்டினாத்தான் குத்தம். உளியை எடுத்துட்டுப் போங்கடா. அப்புறம், பெங்குலு!"

"டத்தோ..."

"துறையில ராஜா இடுப்புல கை வெச்சு இழுத்தது யாரு?"

சுலோங்கின் கை தானாகவே தன் கட்டைவிரலை மூடிக்கொண்டது. அந்தக் காட்சியைப் பார்த்து டத்தோவே சிரித்துவிட்டார். "பயப்படாதீங்க. நாளைக் குளியலுக்குத் தண்ணி சுமங்க. குடம் குடமா. அதுதான் தண்டனை." சுலோங் விட்ட பெருமூச்சு கடைசி வரிசைவரை கேட்டது.

வெளியே வந்ததும் டெராஹிம் கெல்சோமின் காலில் விழப்போனான். "எந்திரிடா, ராஜா காலில விழுவானா?" என்று அதட்டினாள். அதட்டிய வேகத்திலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. செப்பியா ஓடி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே, "பத்து விரலும் இருக்கா? காட்டுங்க" என்று அவன் கையை இழுத்து எண்ணினாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் கடைத்தெருவில் நடந்தபோது கூட்டாளிகள் எல்லாம் வழிவிட்டுக் குனிந்து, "ராஜாவுக்கு வறுத்த மீன் வேணுமா?" என்று உயிரை எடுத்தார்கள். கூச்சத்தில் அவன் சுவரோரமாகவே போனான்.

சனிக்கிழமை காலை குளியல். பெங்குலு சுலோங் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, வெள்ளிக் கிண்ணக் கெரிஸை வீட்டில் வைத்துவிட்டு, கிணற்றுக்கும் முற்றத்துக்கும் நடந்தார்.  கெல்சோம் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள். உப்பில் ஊறி இறுகிப்போயிருந்தது. விரல் நகம் உடைந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. கெரிஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் இருவரையும் பலகையில் உட்கார வைத்து, நூல் சுற்றி, எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றி, நூலைத் தாண்டி வெளியே வரச் செய்தாள். ராஜா மறுபடியும் மீன்காரனாகி, நனைந்த தலையோடு பசிக்கிறது என்றான்.

கூட்டம் சோற்றுக்கு நகர்ந்தது. செப்பியா நகரவில்லை. ஈரப் பலகையைக் காட்டினாள்.

"உட்காருங்க மாக் சு."

"என்னடி இது, வயசு நாப்பத்து நாலு..."

"உட்காருங்கன்னா. நேத்து நீங்க சபையில சொன்னீங்கல்ல, குளிச்சாத்தான் முடியும்னு."

கெல்சோம் பலகையைப் பார்த்தாள், செப்பியாவைப் பார்த்தாள்.  உட்கார்ந்துவிட்டாள். "எலுமிச்சை தீர்ந்துடுச்சே" என்றாள், தப்பிக்கிற கடைசி வழியாக.

"என் வீட்டு மரத்துல இருக்கு" என்றார் குடத்தோடு நின்ற சுலோங். சொல்லிவிட்டு ஓடினார். பருத்த மனிதர், ஓடி யாரும் பார்த்ததில்லை. மடி நிறையப் பறித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏழு போதும் பெங்குலு. ஊறுகாயா போடப் போறேன்?"

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாக் சு."

"பேசினதாலதான் பாய் கிடைச்சுது. பிழிங்க."

அவர் ஏழையும் பிழிந்தார். செப்பியா நூலை எடுத்து அவளைச் சுற்றி ஒற்றையாகப் போட்டாள். முதல் சொம்பு தலையில் விழுந்ததும் கெல்சோம் 'ஆ' என்று கத்தினாள், சுலோங் கத்தியது மாதிரியே. இரண்டாவது சொம்பில் அழுதாள். ஜூசோவின் பெயரை ஒரு தடவை சொன்னாள், சத்தமாகவே. மூன்றாவதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நூலைத் தாண்டினாள்.

"அப்பாடா" என்றாள். "கல்யாணம் முடிஞ்சுது."

சுலோங் காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் தலை துவட்டத் தன் தோள்துண்டை எடுத்துக் கொடுத்தார்.